குண்டனின் தண்ணீர்க் கிண்ணம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ எங்களிடம் விட்டுப்போன குண்டனும் இப்போது சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ‘இப்போது’ என்று எழுதியிருக்கிறேனே என்று பதறாதே, முழுசாகப் படி.

நாய்க்கு மூன்று வாரம் விடாத இருமல் இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னால், முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு கிடந்த மேதையாயிற்றே, கழுத்துப்பட்டை இறுக்குது, வேற ஒண்ணுமில்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பட்டை தளர்ந்தது, இருமல் தளரவில்லை. அப்புறம் தன்னுடைய இருமல் மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே அலைந்தார், அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது, இந்த வீட்டில் அதற்காவது புத்தி இருக்கிறது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து அது மூச்சு வாங்கியபோது நான் போட்ட சத்தத்தில்தான் என்னையும் கூட்டிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் கிளம்பினார். வழியெல்லாம், அந்தச் சின்னப் பொண்ணுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுப்பு வேறு. அவள் நாயின் மலத்தைக் கேட்டு வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, நீங்களே பாருங்க சார் என்றாள். பார்த்தார். பொடிப் பொடிப் புழுக்கள் நெளிந்தனவாம். இது என்ன புழும்மா என்று மேதை அவளிடமே கேட்டார்.

நுரையீரல் புழுவாம். தோட்டத்தில் பிசுபிசுவென்று ஊருமே, ஓடில்லாத நத்தை, அதன் உடம்பில் இருக்குமாம், அதை விழுங்குகிற நாய்க்கு வருமாம், பூனைக்கு வேறு வகை உண்டாம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றாள். உனக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் நினைத்தேன். பொடி நத்தை கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தால் குடிக்கும்போது உள்ளே போய்விடும், கிண்ணம் எங்கே இருக்கிறது என்றாள், பூந்தொட்டி பக்கம் என்றேன், அங்கே யார் வைத்தது என்று கேட்டாள்.

நான்தாம்மா வெச்சேன் என்றார் உன் அப்பா. பச்சைப் பொய். துடைத்த தரையில் எச்சில் சொட்டுகிறது என்று சமையலறையிலிருந்து கிண்ணத்தை வெளியே தூக்கி வைத்தவள் நான். உள்ளேயே இருக்கட்டுமே என்று ஒரு வாரம் கெஞ்சியவர் அவர். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், இந்த மனுஷனை என்ன செய்வது சொல்.

மருந்து முடிந்தது, நேற்று குண்டன் மொட்டைமாடி வரை ஓடினான். கிண்ணம் சமையலறைக்கே வந்துவிட்டது, தினமும் நான்தான் கழுவுகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. போனில் அப்பாவைத் திட்டிவிடாதே, அது என் வேலை. கிண்ணத்தைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் நம்பினதுபோல் இருந்துகொள்.

இப்படிக்கு,
கிண்ணத்தை வெளியே வைத்த
உன் அம்மா