காதில்லாத வாளிகள்

மார்ச் 4
கடை திறக்கும்போதே செய்தி. வெளிநாட்டு பிளாஸ்டிக் வாளிக்கு வரி மூன்று மடங்கு. உள்நாட்டு வாளித் தொழிலை வளர்க்கப் போகிறார்களாம். அப்படி ஒரு தொழில் எங்கே இருக்கிறது? இருபது வருடமாக இந்த ஊருக்கே வாளி இறக்குமதி செய்பவன் நான். என் கண்ணில் படாமல் எங்கே ஒளிந்து வளர்கிறது?

மார்ச் 6
மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. எந்தக் கட்சி ஆள்கிறதோ அது அவன் கட்சி.

"அத்தான், சட்டத்த முழுசா படிச்சீங்களா? முழு வாளிக்குத்தான் வரி. கைப்பிடி இல்லன்னா அது முழு வாளி இல்ல. கைப்பிடிய இங்க செஞ்சு இங்கயே மாட்டுனா உள்நாட்டுத் தயாரிப்பு!"

"இத எழுதுனவன் ஆயுசுல ஒரு வாளி தூக்கியிருப்பானாடா?"

"அவர் வீட்ல எல்லாம் குழாய்ல வருது அத்தான்."

மார்ச் 19
கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கம்பி வளைக்கும் மெஷின் ஒன்று, எட்டுப் பெண்கள். மேற்பார்வை மனைவி. மெல்லிய கம்பி போதும் என்றேன், அதிகாரிக்குக் காட்டத்தானே. "தண்ணியோட தூக்கறது பொம்பளைங்க. கை அறுந்தா நீங்களா மருந்து போடுவீங்க?" என்று தடிக் கம்பியாக வாங்கிவிட்டாள். ஏமாற்று வேலைக்கு இத்தனை நேர்மை எதற்கு?

ஏப்ரல் 11
சரக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். கைப்பிடி வேண்டாம் என்று வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதியிருந்தேன். அவர்கள் கைப்பிடி மாட்டுகிற காதையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். நாலாயிரம் வாளி, மொழுக்கென்று, தொப்பி மாதிரி. தப்பு என்னுடையதுதான், 'காது வேண்டும்' என்று எழுதவில்லை. யார் எழுதுவார்கள்?

எட்டுப் பேரில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். ஒரு வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காதில்லாதவனுக்குக் கடுக்கன் செய்யச் சொன்னீங்களா முதலாளி?"

சிரித்து முடித்துவிட்டு ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சினாள். ஓட்டை போட்டாள். விளிம்பு கிழியாமலிருக்க இரண்டு பக்கமும் தகர வில்லை வைத்து அடித்தாள். கைப்பிடியை மாட்டி, வாளியில் தண்ணீர் நிரப்பி, என்னைத் தூக்கச் சொன்னாள். தோள் வலித்தது. வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 2
அமைச்சர் வந்து கொட்டகையைத் திறந்து வைத்தார். சுவரில் அவர் பெயர் பொறித்த சலவைக்கல். வாளியைக் கவிழ்த்தவர் அடியில் வார்த்திருந்த அந்நிய எழுத்தைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"டிசைன் சார்," என்றான் மச்சான்.

"அழகா இருக்கு."

நேற்றுவரை வாளிக்காரன். இன்று தொழிலதிபர்.

செப்டம்பர் 15
பத்திரிகையில்: வாளி உற்பத்தியில் நாடு தன்னிறைவு. அந்த நாடு என் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது. மழை பெய்தால் ஒழுகும்.

ஜனவரி 22
ஆட்சி மாறியது. மச்சான் சட்டைப்பையில் இருந்த தலைவர் படமும்.

பிப்ரவரி 9
வரி அடியோடு ரத்து. திறந்த சந்தையாம். தெருவெல்லாம் முழு வாளி, காதும் கைப்பிடியுமாக, என் மொட்டை வாளியைவிட மலிவாக.

இருபது வருடமாக வரியைத் திட்டியவன், இன்று வரி கேட்டு மனு கொடுக்கப் போனேன். வெட்கமாக இருந்ததா? இருந்தது. போனேன்.

குமாஸ்தா ஃபைலைப் புரட்டினார். "போன வருஷம் வரி வேணாம்னு ஒரு மனு வந்திருக்கு. கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்கே?"

பிப்ரவரி 24
கொட்டகையை மூடுவதைத் தவிர வழியில்லை. மனைவியிடம் சொன்னேன். "வேலை நிலைக்கும்னு எட்டுப் பேருக்கும் வாக்குக் குடுத்தது நான். இல்லன்னு சொல்லப்போறது நீங்க. உங்க வாயாலயே சொல்லுங்க."

தூக்கம் வரவில்லை. எட்டு முகம்.

பிப்ரவரி 26
சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன் — 'காலம் சரியில்லை', 'என் கையில் ஒன்றுமில்லை'. எல்லாம் அமைச்சர் பேச்சு மாதிரியே இருந்தது.

கொட்டகை வாசலில் ஒரு பெண், ஒரு கையில் புது வாளி, மறு கையில் அதன் கைப்பிடி. "வாங்கி நாலு நாள்கூட ஆகல. ரொம்ப தண்ணி புடிச்சேன், காதோட பிஞ்சு வந்துருச்சு." அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லோரும் அதே கோலத்தில்.

பெரியக்கா ஏற்கெனவே கம்பியை அடுப்பில் போட்டிருந்தாள். "என்ன முதலாளி, ஏதோ சொல்ல வந்தீங்களாமே?"

"கரி தீந்துபோச்சான்னு கேக்க வந்தேன்."

மனைவி என் பக்கம் திரும்பவேயில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

ஏப்ரல் 30
இப்போது பன்னிரண்டு பெண்கள். மற்ற வியாபாரிகளே வாளியை வண்டி வண்டியாக இங்கே இறக்கி, கைப்பிடி மாற்றிய பிறகுதான் கடையில் வைக்கிறார்கள். தடிக் கம்பியைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. மனைவியும் திறப்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 18
புது அமைச்சர் வந்தார், அதே கொட்டகையைத் திறந்து வைக்க. திறந்த சந்தையின் முதல் கனியாம்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

மச்சான் என் காலை மிதித்தான். "இப்பத்தான் சார்," என்றேன்.

புதுக் கல் வாங்கவில்லை. பழைய கல்லையே பெயர்த்துத் திருப்பி, பின்பக்கத்தில் புதுப் பெயரைப் பொறித்தாயிற்று. பதிக்க வந்த கொத்தனார் சிமெண்ட் குழைக்கப் போனார். வேண்டாம், நாலு மூலையிலும் திருகாணி போதும் என்று சொல்லிவிட்டேன்.