கோணலாக வைத்த ஜன்னல்

நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசாதவளுக்கு,

"என்னங்க, ஜன்னல் கோணலா இருக்கே" என்று நீ சொன்னதற்கு, நான் நேர் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் காட்டி, "ஜன்னல் நேராத்தான் இருக்கு, உன் கண்ணுதான் கோணல்" என்று கத்தியது தப்பு. விடியற்காலையில், நீ துணி தைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் நூறு வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதில் என் நேரான ஜன்னல், கோபித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் சம்பந்தி மாதிரி இருந்தது.

நல்லவேளை, சுண்ணாம்புக் கலவை இன்னும் இறுகவில்லை. சட்டத்தைக் கழற்றி, சுவரின் சாய்வுக்கே சாய்த்து வைத்துவிட்டேன். இப்போது பார்வைக்கு நேராக இருக்கிறது. தினமும் அதைப் பார்க்கப்போவது நீதான், ரசமட்டம் இல்லை. கடவுளும் இந்தக் கோணலை மன்னிப்பார்.

மூன்று நாளைக்கு ஜன்னலைச் சாத்தாதே. பூசிய இடம் காயாமல் அடிக்கடி தண்ணீர் தெளி. முட்டுக்கொடுத்திருப்பவை உன் மரக்கரண்டிகள். உருவிவிடாதே, அதுவரை ஸ்டீல் கரண்டியால் கிண்டு.

பத்து மணிக்கு எங்கள் கொத்து மேஸ்திரி என் வேலையைப் பார்க்க வருவார். டீ கொடு, ரசமட்டத்தை மட்டும் கொடுத்துவிடாதே. உன் புடவைகளுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். "யாரும்மா இதை வச்சது?" என்று அவர் கேட்டால் என்னையே சொல். நீ பழி சுமக்க வேண்டாம்.

கீழே இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: சாயங்காலம் திட்டிக்கொண்டே கதவைத் திறந்தாலும் சரி, பேசிவிட்டாய் என்றே எடுத்துக்கொள்வேன்.