இடைக்காலப் பயிற்சியாளர்

செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. அரங்கத்துக் கூரை மூன்றாம் வரிசைக்கு மேலே மறுபடி ஒழுகுகிறது. வாளி வைத்தோம். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிப் பெண்கள் பதினாறு முறை ஓடினார்கள், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். ஜலிஸா ஓடம் முதலில் முடித்தாள். அப்புறம், மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக வந்த புதுப் பெண்ணோடு சேர்ந்து இன்னொரு முறை ஓடினாள். யாரும் ஓடச் சொல்லவில்லை. இந்த வருடம் இவளைத்தான் அணித் தலைவியாக்க வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளர் மார்லீன் பயிற்சிக்கு வரவில்லை. பதினொரு வருடமாக அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருக்கிறேன். காய்ச்சலோடுகூட வந்து நிற்பார். இன்று போனையும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது.

கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கத்திலிருந்து கடிதம். போன வசந்த செமஸ்டரில் நம் பெண்கள் நாலு பேருடைய வரலாற்றுக் கட்டுரைகளை, அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வைத்திருந்த ப்ரெண்ட் என்ற முதுகலை மாணவனே எழுதியிருக்கிறான். நாலு பேரில் மூன்று பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஜலிஸா.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று மார்லீனிடம் கேட்டேன்.

"கதவ நல்லா சாத்து, போக்ஸ்" என்றார். என் குடும்பப் பெயரைத்தான் எப்போதும் சொல்லிக் கூப்பிடுவார். கதவைச் சாத்தினேன். அவர் மேசையிலிருந்த கோப்புகளை எடுத்து ஒரு பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

மார்லீன் ஸ்ட்ரவுட் விலகிவிட்டார். பத்தொன்பது வருடம். உள்ளூர் தொலைக்காட்சிக்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "பொண்ணுங்கள விட்டுடுங்க, என்னைக் கேளுங்க" என்றார். அவர்கள் கேட்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு டேல் விட்லாக் கூப்பிட்டார். கல்லூரியின் விளையாட்டுத் துறை முழுக்க அவர் கையில்தான். "ரெனிட்டா, இந்த சீசன் முடியிற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க. இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளர்னு அறிவிக்கிறோம்."

நாற்பத்துநாலு வயதில் கிடைத்த பதவி. வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது. வீட்டுக்கு வந்து கர்ட்டிஸிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டிருந்தான்; பள்ளிப் பேருந்துகளின் கிரீஸ் சீக்கிரம் போகாது. திரும்பிப் பார்த்து, "சந்தோஷப்படணுமா, வேணாமா? நீயே சொல்லிடு" என்றான்.

எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

அணியோடு முதல் கூட்டம். பதின்மூன்று பேர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் என் மேல்.

பேச எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவே இல்லை. "போகணும்னு நெனைக்கிறவங்க போலாம். வேற காலேஜுக்கு நானே சிபாரிசுக் கடிதம் எழுதித் தர்றேன், கோபப்பட மாட்டேன். இருக்கிறவங்களுக்கு நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ப்ராக்டிஸ்."

ஜலிஸா கை தூக்கினாள். "நீங்க இருப்பீங்களா, கோச்?"

"இருப்பேன்."

செப்டம்பர் 14, சனி

ஆறு மணிக்கு ஒன்பது பேர்.

ஒன்பது போதும். களத்தில் ஐந்து பேர்தானே.

செப்டம்பர் 30, திங்கள்

கட்டுரை விவகாரம் முடிகிறவரை ஜலிஸா ஆடக்கூடாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. பயிற்சிக்கு வரலாம், பெஞ்சில் உட்காரலாம், ஆட்டத்தில் இறங்கக்கூடாது. அந்த வரலாற்றுப் பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டும். ஆக எட்டு பேர்.

டோன்யா ரேயஸ் இல்லாவிட்டால் நான் தடுமாறிப் போயிருப்பேன். இருபத்தொன்பது வயது, எனக்கு அடுத்த துணைப் பயிற்சியாளர். ஒரு காலத்தில் இதே அணியில் ஆடியவள். கெண்டக்கி எல்லையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்று பயிற்சியில் ஆள் குறைகிறது என்று அவளே காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரணியாக இறங்கினாள். முழங்கை பட்டு ஒருத்திக்கு உதடு வீங்கிவிட்டது. "ஸாரி சொல்ல மாட்டேன், மேட்சுக்கு வர்றவளுங்களும் சொல்ல மாட்டாளுங்க" என்றாள். அடி வாங்கியவளே சிரித்துவிட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஜலிஸாவைச் சங்கத்து ஆட்கள் இன்று விசாரித்தார்கள். வெளியே வந்ததும் நேரே என் அறைக்கு வந்தாள்.

"சொல்லிட்டேன், கோச்."

"என்னத்த?"

"நான் எழுதலன்னு. ப்ரெண்ட்தான் எழுதினான், நான் பேரு மட்டும் போட்டேன்னு. நம்ம காலேஜ் வக்கீல் ஞாபகமில்லன்னு சொல்லலாம்னாரு. எனக்கு ஞாபகமிருக்கே. எப்படிச் சொல்றது?"

தண்ணீர் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். இருபது வயது.

நான் இதுவரை எழுதாத ஒன்றை எழுதவேண்டும். எழுதத்தானே இந்த நோட்டு?

போன பிப்ரவரி. படிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ப்ரெண்ட் ஜலிஸாவின் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தான். மூடியில் ஒட்டியிருந்த மஞ்சள் சூரியகாந்தியைப் பார்த்தேன், அவளுடையதுதான். ஜலிஸாவோ அரங்கத்தில் ஃப்ரீ த்ரோ போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்; அவளை அங்கே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். நான் மார்லீனிடம் போய்ச் சொன்னேன். "நீ அவளுங்க ஆட்டத்த பாரு போக்ஸ், படிப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். வந்துவிட்டேன்.

போன சீசன் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 13, செவ்வாய். "பயிற்சி நன்றாக நடந்தது." ஒரே வரி. என்னிடமே மறைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

வியாழக்கிழமை எனக்கு விசாரணை. விட்லாக் காபி வாங்கித் தந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. பக்கத்தில் கல்லூரி வக்கீல்.

"கேட்டதுக்கு மட்டும் பதில், ரெனிட்டா. ஒரு வார்த்த அதிகமா வேணாம். எல்லாம் மார்லீனோட போயிடுச்சுன்னு அவங்க முடிச்சுக்குவாங்க. வசந்தத்துல அந்த 'இடைக்கால'ங்கிற வார்த்தைய நான் எடுத்துடறேன்."

அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவு.

அக்டோபர் 23, புதன்

கர்ட்டிஸிடம் எல்லாம் சொன்னேன். அடுப்பில் சில்லிக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தவன் அடுப்பை அணைத்துவிட்டான்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சொல்லலன்னா?"

"இருக்கும்."

கரண்டியைக் கழுவி வைத்தான். "நான் ஒரு தடவ பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு சரின்னு கையெழுத்துப் போட்டேன், ரெனி. அன்னிக்கு சாயங்காலம் கடைசிப் புள்ள எறங்கிற வரைக்கும் பின்னாலயே வண்டில போனேன். ஒண்ணும் ஆகல. ஆனா மறுபடி அப்படி ஒரு நாள எனக்குக் குடுக்காதேன்னு வேண்டிக்கிட்டேன்."

இருபது வருடக் குடித்தனத்தில் இதை அவன் சொன்னதே இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

விசாரித்தவர் ஃபெரான்டே என்ற அம்மாள், தடிமனான பச்சை ஸ்வெட்டர், மேசையில் இருமல் மிட்டாய். "உங்களுக்கு அப்ப ஏதாவது தெரியுமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வக்கீல் என் முழங்கை பக்கத்தில் அசைந்தார். நான் கதவு பாதி திறந்திருந்ததிலிருந்து தொடங்கினேன். மார்லீன் சொன்னதைச் சொன்னேன். நான் சரி என்று வந்ததைச் சொன்னேன். நாட்குறிப்பின் ஒரு வரியையும் சொன்னேன்.

வராந்தாவில் விட்லாக் காத்திருந்தார். அதற்குள் வக்கீல் சொல்லியிருந்தார். "உங்கள யாருங்க இதெல்லாம் கேட்டா?"

"அவங்கதான் கேட்டாங்க" என்றேன்.

நவம்பர் 9, சனி

முதல் ஆட்டம். தோல்வி, 71-48. எட்டு பேரில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. ஜலிஸா பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கட்டுகிறவரை கத்தினாள்.

திங்கள் ஆறு மணிக்குப் பயிற்சி.

நவம்பர் 23, சனி

மளிகைக் கடையில் மார்லீன். நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வாங்கப் போன இடத்தில், பனிப்பெட்டிக்கு முன்னால். திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. போகவில்லை.

"என்னைக் குழி தோண்டி மூடிட்ட, போக்ஸ்."

"என்னையும் சேத்துத்தான் மூடிக்கிட்டேன், கோச்."

"பதினொரு வருஷம். ஆட்டத்த உனக்குச் சொல்லிக் குடுத்தது நானு."

"ஆமா. எனக்குத் தெரிஞ்சது பாதி நீங்க குடுத்ததுதான். அதுக்காக நான் பாத்தத இல்லன்னு சொல்ல முடியலயே."

அவர் ஒரு வான்கோழியை எடுத்தார், எடை பார்த்தார், வைத்துவிட்டார். "ஜலிஸா எப்படி இருக்கா?" என்று கேட்டார். கட்டுரையில் எண்பத்தொன்று வாங்கியதைச் சொன்னேன், அவளே எழுதியது என்று. "அவளால முடியும்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சும், அவளே எழுதி முடிக்கிற வரைக்கும் பொறுக்கல எனக்கு. அந்த வாரம் கான்சாஸ்காரங்களோட மேட்ச் இருந்துச்சு."

அழுதாரா என்று தெரியவில்லை. நான் வண்டிக்கு வந்து அழுதேன்.

டிசம்பர் 14, சனி

ஜெயித்தோம். ஆறு தோல்விக்குப் பிறகு. 54-53. ஏழு பேரோடு. கர்ட்டிஸ் கைதட்டிக் கைதட்டி மோதிர விரலைக் காயப்படுத்திக்கொண்டான்.

ஜனவரி 14, செவ்வாய்

தீர்ப்பு.

போன சீசனின் இருபத்திரண்டு வெற்றிகளும் பதிவிலிருந்து நீக்கம். இந்த வருடமும் அடுத்த வருடமும் சீசன் முடிவில் கோப்பைப் போட்டிகளுக்குப் போக முடியாது. மார்லீன் ஐந்து வருடம் எங்கும் பயிற்சி தரக்கூடாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காக எனக்கு இந்த சீசனில் மிச்ச நாள் முழுக்கத் தடை; இரண்டு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருக்கவும் கூடாது. தானாக ஒப்புக்கொண்டதால் குறைத்திருக்கிறார்களாம். ஜலிஸா நாளையிலிருந்து ஆடலாம்.

விட்லாக்கும் விலகினார். அக்டோபரில் அவரும் வக்கீலும் எங்களை என்ன சொல்லச் சொன்னார்கள் என்பது அறிக்கையில் ஒரு பக்கம் வந்திருக்கிறது. ஃபெரான்டே அம்மாள் ஜலிஸாவையும் கேட்டிருக்கிறார் போல.

டோன்யா வந்தாள். அவளைத்தான் நியமித்திருக்கிறார்கள், இடைக்காலமாக. முகம் வெளுத்திருந்தது. "எனக்கு வேணாம் கோச். உங்க எடத்துல எப்படி நான்..."

"என் எடம் இல்ல அது. நாளைக்கு ஆறு மணிக்கு பொண்ணுங்க வந்து நிப்பாங்க. யாராவது கதவத் தொறக்கணும். தொற."

பெண்களிடம் நானே சொன்னேன். சங்கம் அனுமதித்த கடைசி பத்து நிமிடம். ஒருத்தி, "கோப்பையே கெடையாதுன்னா எதுக்கு ஆடணும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜலிஸா எழுந்தாள். "நான் பதினாலு மேட்ச் பெஞ்சுல உக்காந்துட்டேன். எனக்குக் கோப்பை வேணாம், பந்து குடு போதும்."

கதவு வரைக்கும் கூடவே வந்தாள். "நான் உள்ள வர்றப்போ நீங்க வெளிய போறீங்க."

"நல்லா ஆடு."

"இருப்பேன்னு சொன்னீங்களே, கோச்."

அரங்கத்துச் சாவியை அவள் கையில் வைத்தேன், டோன்யாவிடம் கொடுக்க.

ஜனவரி 18, சனி

பேருந்துப் பணிமனையில், கர்ட்டிஸ் எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்க, வானொலியில் கேட்டேன். ஜலிஸா இருபத்தாறு புள்ளி. டோன்யா கடைசி டைம்-அவுட்டைச் சரியான இடத்தில் எடுத்தாள். நான் எடுத்திருந்தால் ஒரு நிமிடம் முன்னாலேயே எடுத்து வீணாக்கியிருப்பேன்.

வெற்றி. ஜலிஸாவோடு சேர்த்து மறுபடி எட்டு பேர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி முழங்கால் வரை. கர்ட்டிஸின் பணிமனையில் வருகைப் பதிவு எழுத ஆள் தேவைப்பட்டது, போகிறேன். ஓட்டுநர்கள் என்னை 'கோச்' என்றே கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

சீசன் முடிந்தது. பதினொரு வெற்றி, பதினெட்டு தோல்வி. இன்றோடு என் சீசன் தடை கழிந்தது; இரண்டு வருடத் தடை மிச்சம்.

மார்ச் 24, திங்கள்

டோன்யாவை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவளே போன் செய்தாள், யாரோ அதட்டியதுபோல் வேகமாகப் பேசினாள். "எனக்கு ஒரு துணைப் பயிற்சியாளர் வேணும். விட்லாக் எடத்துக்குப் புதுசா வந்திருக்கிற டைரக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், விதிப்படி சரிதான்னுட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குள்ள சொல்லுங்க."

உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவளை உனக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சங்கடமாக இல்லையா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குச் சங்கடமா என்று என்னையே கேட்டேன். கொஞ்சம். காலைவரை யோசிக்கிற அளவுக்கு இல்லை.

"எத்தன மணிக்கு?" என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

வசந்தகாலப் பயிற்சி, முதல் நாள். பன்னிரண்டு பேர், நாலு பேர் புதுசு. ஜலிஸா என்னைப் பார்த்ததும் பந்தை நெஞ்சுக்கு நேராக வேகமாக எறிந்தாள். பிடித்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

முதல் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். பழைய பழக்கம், ஏழெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. ஜலிஸா கேட்டே விட்டாள்: "அடுத்து என்ன கோச்?"

எனக்குத் தெரியும், அடுத்து என்ன என்று. நான் டோன்யா பக்கம் திரும்பி நின்றேன். ஒவ்வொரு தலையாக அந்தப் பக்கம் திரும்பியது.

டோன்யா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பதின்மூன்று பேரும் கேட்டோம்.