பேர் கேட்காத வண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1900 டிசம்பர் 4

அன்புள்ள அண்ணன் ஐயாதுரைக்குத் தங்கை ஞானபாக்கியம் தோத்திரம் சொல்லி எழுதுவது. மிஷன் மாதர் சங்க விடுதியில் நான் சுகம். உங்கள் சுகம் தெரியாமல் தையல் ஓடவில்லை. ஊசி விரலில்தான் இறங்குகிறது. இராஜபாளையத்தில் வாந்திபேதி நம் சேரியைத் துடைத்துவிட்டது என்கிறார்கள். எங்கள் மாதர் சங்கம் வண்டி அனுப்பும். உடனே வந்துவிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

உங்கள் தங்கை,
ஞானபாக்கியம்

இராஜபாளையம்,
டிசம்பர் 6

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

நான் தனி ஆள் இல்லை. தாய் தகப்பனைப் பறிகொடுத்த இளவட்டங்கள் என் குடிசையில்தான் இருக்கிறார்கள். பிணம் தூக்கியவர்கள் என்று எங்களை ஊர்க்காரர்கள் எந்தக் கிணற்றருகிலும் விடுவதில்லை. பள்ளிவாசல் ஜமாத்தார் அரிசி தருகிறார்கள். அவர்களில் சேக் முகைதீன் அண்ணாச்சி தாமே தண்ணீர் இறைத்து எங்கள் குடங்களில் ஊற்றுகிறார். "எம்புட்டு நாளைக்கு முடியும்னு தெரியல தம்பி" என்றார் நேற்று. அவர் தெருவிலும் நோய் வந்துவிட்டது.

வண்டி வந்தால் எல்லோரையும் ஏற்றுவேன். ஒருவரை விட்டாலும் நான் ஏறமாட்டேன்.

ஐயாதுரை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
டிசம்பர் 7

அண்ணா,

ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் வண்டியிலும் விடுதியிலும் இடம் என்றார் சங்கத் தலைவி. எல்லோரும் பெற்றவர்களே என்று சொல்லிவிட்டேன். பொய்தான். வண்டி திங்கட்கிழமை வரும். அதற்குள் ஆளுக்கொரு வேதாகமப் பேர் சொல்லிக்கொடுங்கள். என்மேல் கோபம் வேண்டாம்.

பாக்கியம்

இராஜபாளையம்,
டிசம்பர் 8

பாக்கியம்,

கோபமில்லை. ஆனால் அது நடக்காது. என் குடிசையில் இருக்கும் செல்லத்தாய் பதினைந்து வயசுப் பிள்ளை. பெற்றவளைத் தானே குழி தோண்டிப் புதைத்தவள். "இனி உன் பேர் எஸ்தர்" என்றேன். "எங்காத்தா விட்டுட்டுப் போனது இந்தப் பேரு ஒண்ணுதாண்ணே. நீங்க எல்லாரும் போங்க, நான் இங்கனயே கெடக்கேன்" என்றாள்.

வண்டி வேண்டாம். சேக் முகைதீன் அண்ணாச்சியும் படுத்துவிட்டார். அரிசி இன்றைக்கு வரவில்லை.

ஐயாதுரை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
டிசம்பர் 10

அண்ணா,

சங்கக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "துணிமணியை எடுத்துக்கொண்டு போ" என்றார் தலைவி. தெருவில் இறங்கி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். சங்கத்தில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் கிருபாபாய் அக்கா பின்னாலேயே வந்தார். "ஏட்டி, நில்லு. எங்க பஞ்சுக் கிட்டங்கி சும்மாதானே கெடக்கு" என்றார். அவரோடு இன்னும் சில பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். அந்தக் கிடங்கைக் கூட்டி மெழுகிப் பாய் விரித்திருக்கிறோம்.

இதைக் கொண்டுவரும் தனுஷ்கோடி, கிருபாபாய் அக்காவின் வண்டிக்காரர். யார் பேரையும் கேட்கமாட்டார். அண்ணாச்சி வீட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டிருக்கிறோம், சேர்த்துவிடுங்கள். முடியாமல் கிடப்பவர்களை முதலில் ஏற்றுங்கள். நீங்களும் ஏறுங்கள்.

உலை கொதிக்கிறது, அரிசி போட வேண்டும்.

பாக்கியம்