கோழிக்கொண்டை விதை

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து ஃபிராங்க்ளின் வணக்கத்தோடு எழுதுவது. மாதா துணையில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். கல்லறைத் திருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை.

அப்பா கல்லறையில் பூத்த கோழிக்கொண்டையிலிருந்து நீங்கள் உதிர்த்துக் கொடுத்த விதையை, ரூம் வாசலில் பெயின்ட் வாளியில் தூவியிருந்தேன். தளதளவென்று வந்தது. கூட இருக்கும் மாரண்டஹள்ளி மாதவராஜ் அண்ணன் அதைக் கீரை என்று நினைத்துப் பறித்துக் கடைந்துவிட்டார். நானும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்ட பிறகுதான் வாளியைப் பார்த்தேன்.

"நம்மூரு தண்டுக்கீரைன்னு ஆசையா கிள்ளிட்டேன் தம்பி" என்று அவர் தவித்த தவிப்பில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஒரு செடி தப்பி, இப்போது சிவப்பாகக் கொண்டை விட்டிருக்கிறது. திருநாளன்று அதன் முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். விதை காயவைக்க உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. விதையோடு வருவேன் அம்மா. கல்லறைக்குச் சிமென்ட் பூசும்போது, அப்பா தலைமாட்டில் ஒரு சாண் மண்ணை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.