அக்காவுக்கு உடம்பு போட்டது

செப். 8, திங்கள்

காலையிலிருந்தே தூறல். கல்வராயன் மலை மேகத்துக்குள். துவைத்த புடவை எதுவும் காயவில்லை.

எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குக் கொழுப்புச் செல் பாடம். உட்கருவுக்குள் ஓர் ஏற்பி. சரியான பொருள் வந்து ஒட்டினால் சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். புதுக் கொழுப்புச் செல்கள் உண்டாகி, ரத்தத்தில் அலையும் கொழுப்பைப் பிடித்து உள்ளே வைக்கும். சர்க்கரையும் இறங்கும்.

"அப்ப கொழுப்பு நல்லதா மிஸ்?" என்றாள் ஒருத்தி. இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் நல்லது என்றேன். ஒரு சுகர் மாத்திரை இப்படித்தான் வேலை செய்கிறது, என் அக்காவே சாப்பிடுகிறாள் என்று பெருமை வேறு.

வாங்க: சீயக்காய், பேனா ரீஃபில்.

செப். 13, சனி

கச்சிராயபாளையம், அக்கா வீடு. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே. அக்காவுக்கு நிஜமாகவே உடம்பு போட்டிருக்கிறது. 'ஈர்க்குச்சி' என்று கேட்டே வளர்ந்தவள். இப்போது கண்ணாடியை விட்டு நகரமாட்டேன் என்கிறாள்.

"ரவிக்கை எல்லாம் பிரிச்சித் தெச்சிக்கினு கீறேன்டி!"

பக்கத்து வீட்டு அம்மா, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அந்தச் சுகர் மாத்திரையில் நாலு கொடு என்றாளாம். நல்லவேளை, கொடுக்கவில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொலுசு கணுக்காலில் புதைந்திருந்தது. விரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே. இரண்டு தலையணை வைத்துத்தான் தூங்குகிறாளாம், இல்லாவிட்டால் மூச்சு முட்டுகிறதாம்.

அதே ஏற்பி சிறுநீரகத்திலும் உண்டு. அங்கே மாத்திரை ஒட்டினால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும். சிலருக்கு இதயம் தாங்காது. பாடத்தில் ஒரே வரி, நானே அவசரமாகத் தாண்டிப் போவேன்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நிறுத்திடுவாரே. இப்பத்தான் நாலு பேரு என்னைத் திரும்பிப் பாக்கறாங்க."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற! திங்கக்கெழம இட்டுக்கினு போறேன்."

"இப்பவே மாமா."

அக்கா எழுந்துபோய்ப் புடவை மாற்றினாள்.

செப். 14, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நுரையீரலிலும் நீராம். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். நீர் பிரிய ஊசி. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டால் போகிறாள், மூச்சு விடட்டும்.

மாமாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டார்.

செப். 20, சனி

வெயில். விடைத்தாள் கட்டு பிரிக்கவே இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சு சீராம். கால் பழையபடி குச்சியாம். சாயங்காலம் அவளே போன் செய்தாள். கரும்பு, மழை, மாமாவின் பல்வலி எல்லாம் பேசினாள். அப்புறம் குரல் இறங்கியது.

"அவ்ளோவும் தண்ணிதானாடி? நானுன்னு கொஞ்சங்கூட இல்லியா?"

புதுச் செல்கள், சேர்ந்த கொழுப்பு எல்லாம் தொண்டை வரை வந்தது. பாடமாகச் சொல்ல மனம் வரவில்லை.

"இருந்துச்சுக்கா. கொஞ்சம் நீதான்."