சேர்த்து எழுதிய 786

786

அதிராம்பட்டினம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஃபாஜிலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் வாப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், குவைத்தில் உனக்கும் சுகத்தைக் கொடு என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஃபோனில் பேசினால் டியூட்டி என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

தங்கச்சி ஜஸீலாவின் நர்சிங் காலேஜ் ஃபீஸுக்கு நீ அனுப்பிய பணம் இருபது நாள் அலைந்து உன்னிடமே திரும்பி வந்தது, அதற்குள் கடைசித் தேதி போய் அவள் சீட்டும் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. "உம்மாவுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும், பேங்கோட ஸ்விஃப்ட் கோடைத் தப்பா எழுதி அனுப்பிட்டாங்க" என்று அவளிடம் சொன்னாயாம். மருந்துச் சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டிக் கற்றவள்தான் நான், பார்த்து எழுதக்கூடவா தெரியாது? செவ்வாய்க்கிழமை, நான் கோடு எழுதி வாப்பா ஃபோனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிய அந்தத் துண்டுத் தாளையும், வாப்பா ஃபோனுக்கு நீ அனுப்பிய ரசீதைப் பிரிண்ட் போட்டும் எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டை பேங்குக்குப் போனேன். வெளிநாட்டுப் பணம் பார்க்கும் கவிப்ரியா என்ற பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதின எட்டு எழுத்தும் சரிங்கம்மா, ரசீதுல அதோட 786 சேர்ந்திருக்கு, பின்னாடி மூணு வந்தா அது கிளை நம்பர், 786ன்னு எங்களுக்குக் கிளையே கிடையாதே, யாரு சேர்த்தது?" என்று கேட்டது. அது நான் போட்ட 786தான். துண்டுத் தாளில் மேலே இடம் இல்லாமல் ஸ்விஃப்ட் கோடுக்குப் பக்கத்தில் ஓரமாகப் போட்டிருந்தேன். மளிகைச் சீட்டில்கூட அதைப் போடாமல் நான் எழுதியதில்லை, உன் பள்ளிக்கூட நோட்டு ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் போட்டுக் கொடுத்தது இந்தக் கைதான். அந்தப் பெண்ணுக்குத் தெரியாதது நியாயம். உன் கண்ணுக்கும் அது உம்மா போடுகிற பிஸ்மில்லாவாகத் தெரியவில்லை, பேங்க் நம்பராகத்தான் தெரிந்தது.

ஜஸீலா என்னோடு பேசுவதில்லை. "ஃபாஜில் காக்கா அனுப்பத்தான் செஞ்சாங்க, இவங்கதான் கெடுத்தாங்க" என்று நேற்று வாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அடுப்படியில் நிற்பது தெரிந்தேதான் சொன்னாள். ரசீதை அவள் முன்னால் போட்டிருக்கலாம், போடவில்லை, உன்மேல் அவள் வைத்திருக்கும் மரியாதையை நான் உடைக்க மாட்டேன். உடைப்பதானால் நீயே உடை.

வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடி, சுபுஹுத் தொழுகையைத் தவறவிடாதே. உன் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தங்கச்சியைக் கூப்பிட்டு யார் தப்பு என்று சொல். சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தகவல் வேண்டாம். அவள் உம்மா என்று கூப்பிடும்போது தெரிந்துகொள்வேன்.

உன் உம்மா,
மெஹராஜ் பேகம்